பயன்படுத்திய குழந்தைக் கட்டில்

கல்யாணமான புதிதில் வாங்கி, ஏழு வருடமாகக் குழந்தையே படுக்காத கட்டிலை விற்றுவிட முடிவாயிற்று. மலேசியாவில், கிள்ளான் நகரத்து வீட்டில் உட்கார்ந்து, செசிலியா மூன்று விளம்பரத் தளங்களை ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒன்றில் விளம்பரத்துக்குக் கட்டணம். இன்னொன்றில் பாதி விலைக்குக் கேட்பவர்களே அதிகம். மூன்றாவதில் அவளுடைய கட்டிலே இருந்தது. பின்னால் அவர்கள் வீட்டு நீலச் சுவர். கீழே அவளுடைய கைப்பேசி எண்.

'மகள் வளர்ந்துவிட்டாள். மேல்சட்டத்தில் அவள் பால்பல் கடித்த தடம் உண்டு, அதனால் விலை குறைவு.'

தேதி, இன்றிலிருந்து மூன்று வருடம் கழித்து.

செசிலியா எழுந்துபோய்ச் சட்டத்தைத் தடவினாள். வழவழவென்றிருந்தது.

"எந்த வெப்சைட்ல போடப்போற?" என்றான் கணவன் கெல்வின்.

"இப்ப விக்க வேணாம் லா. அந்தச் சின்ன மெத்தைய வெயில்ல காயப்போடுங்க."