மரங்கொத்தி தட்டிப் பார்த்த தளம்

குஞ்சாக இருந்தபோது கேட்ட அந்தத் ‘தொம்’ சத்தம் ஆந்தையின் காதைவிட்டுப் போகவே இல்லை. பழைய பொந்தின் மேல்மாடியில் குரங்குக் குட்டிகள் குதித்த சத்தம் அது. அம்மாவுக்குப் பகலில் தூக்கமில்லை, தூங்காத அம்மாவுக்கு இரவில் எலி அகப்படவில்லை, குஞ்சுகளுக்குப் பட்டினி.

அதனால் புதுப் பொந்தைப் பார்க்க வந்தபோதே ஆந்தை கேட்டது: “மேலே குதித்தால் கீழே கேட்குமா?”

“கேட்கவே கேட்காது அக்கா,” என்றது வீடு கட்டிய அணில். “மரப்பலகை, அதன்மேல் தேங்காய் நார், அதன்மேல் பாசி. கணக்குப் போட்டுத்தான் கட்டியிருக்கிறேன். நம்பாவிட்டால் அளந்தே காட்டுகிறேன்.”

அணில் கூப்பிட்ட மரங்கொத்தி வந்து மேல்தளத்தை அலகால் படபடவென்று தட்டியது. ஆந்தை கீழே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. துளிச் சத்தம் இல்லை. அன்றே குடிவந்தது.

மேலே ஒரு குரங்குக் குடும்பமும் வந்து சேர்ந்தது. தொம். தொம்.

“அணிலே, இது என்ன?”

“குட்டிக்குப் பஞ்சுப் பாதம் அக்கா. மரங்கொத்தி அலகால் தட்டியதே கேட்காத தளத்தில் இது எப்படிக் கேட்கும்? உங்களுக்குப் பழைய நினைப்பு.”

“நினைப்பா? என் தலையில் தூசி கொட்டுகிறதே!”

அணில் கோபித்துக்கொள்ளவில்லை. குரங்குகளைக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்பிவிட்டு மரங்கொத்தியை மறுபடி தட்டச் சொன்னது. ஒன்றும் கேட்கவில்லை.

“பார்த்தீர்களா?” என்றது.

ஆந்தை இப்போது ஆற்றங்கரைப் பாறையிடுக்கில் இருக்கிறது.