எலி வராத தோட்டம்

கழுத்தில் சுருக்கைப் போட்டு இறுக்கி முடிப்பதற்குள் ஹேமலதாவுக்கு வியர்த்துவிட்டது.

"தொங்குதா?" என்று பின்னாலிருந்து கேட்டான் கணவன் கௌதம்.

"தொங்குது. அடுத்ததக் குடுங்க."

அவன் பையிலிருந்து இன்னொரு கத்தரிக்காயை எடுத்துக் கொடுத்தான். காலையில் ஆம்பூர் பஜாரில் வாங்கிய காய். "பிரியாணிக்குத் தொட்டுக்க வாங்கினத எல்லாம் செடியில மாட்டிட்டா நான் எதத் தொட்டுக்கறது?"

"என் மானத்தத் தொட்டுக்குங்க. இன்னிக்கு அதுதான் வதங்கப் போவுது."

எல்லாம் வாய்க்கொழுப்பு. ஷூ கம்பெனித் தையல் பிரிவுப் பெண்களுக்கென்று ஒரு வீட்டுத்தோட்ட வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் யாராவது எலித்தொல்லை என்று அழுதால் போதும், ஹேமலதா பிரசங்கத்தை ஆரம்பித்துவிடுவாள். புதினா நடு, மிளகாய்த்தூள் தூவு, பூண்டுத் தண்ணீர் தெளி! போன வாரம் ஜஹீருன்னிசா தன் தக்காளி எல்லாம் போச்சு என்று புலம்பியபோது, "சோம்பேறி வீட்டுக்குத்தான் எலி வரும்" என்று ஒரு போடு போட்டாள். அப்படியென்றால் உன் தோட்டத்தைப் பார்க்கலாமே என்று ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

அது பெருச்சாளிக்கும் கேட்டிருக்க வேண்டும். குடும்பத்தோடு வந்து, புதினாவைத் துவையலாகவும் மிளகாய்த்தூளைக் காரத்துக்கும் வைத்துக்கொண்டு, ஒரு காய் விடாமல் தின்று தீர்த்துவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஏற்றுமதி ஷூவுக்குக் கோணாமல் தையல் போட்ட கை, இப்போது பச்சை நூலால் கத்தரிக்காய்க்குத் தூக்கு மாட்டிக்கொண்டிருந்தது. நினைக்க நினைக்க அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் நேரமில்லை.

மற்றவர்களைச் சமாளித்துவிடலாம். லைன் சூப்பர்வைசர் ஷஹீன் பானுவும் அல்லவா வருகிறார்! ஒரு தையல் பிசகினாலும் தூரத்திலிருந்தே பிடித்துவிடுகிற கண். அவருடைய தோட்டத்தில் எலி கடித்த காய் என்று ஒன்றைப் பார்க்க முடியாது. செடிமேல் அத்தனை பிரியம். போகிறவர்கள் கை நீட்டினாலே, "தொடாதீங்கம்மா, கை பட்டா செடிக்கு ஆவாது" என்று பதறிப்போவார்.

பெண்கள் வந்துவிட்டார்கள்.

"அம்மாடி, இன்னா காய்ப்பு!" ஜஹீருன்னிசா வாயைப் பிளந்தாள். "உன் வீட்டுக்கு எலியே வர்றதில்லையா ஹேமா?"

"வரும். வந்து பாத்துட்டுப் போய்டும்" என்றாள் ஹேமலதா, கொஞ்சம்கூட நாக்குக் கூசாமல். ஜஹீருன்னிசாவின் முகம் வாடியது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இப்போது உண்மையைச் சொன்னால் யார் பாவம்?

"டீ ஆறிடும், உள்ள வாங்க" என்று கௌதம் நல்ல நேரத்தில் குரல் கொடுத்தான். எல்லோரும் கலகலவென்று வீட்டுக்குள் போனார்கள்.

ஷஹீன் பானு மட்டும் நகரவில்லை. குனிந்து ஒரு காயைத் திருப்பிப் பார்த்தார். கம்பெனியில் ஷூவைத் திருப்பிப் பார்க்கும் அதே பார்வை. காம்போடு காம்பாகக் கிடந்த நூல் முடிச்சை நகத்தால் நெருடினார்.

வாசல்வரை போன ஹேமலதா திரும்பி ஓடி வந்தாள். நாளைக் காலை லைன் முழுக்க இதே பேச்சாக இருக்கும். சோம்பேறி என்று சொன்ன வாயோடு ஜஹீருன்னிசா முகத்தில் எப்படி விழிப்பது?

"அக்கா... நானே சொல்லிட்றேன்க்கா. அது வந்து..."

ஷஹீன் பானு வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை என்றதும் அவளை ஒட்டி நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பச்ச நூல் எங்கம்மா கெடச்சுது? என்கிட்ட கருப்புதான் இருக்கு, போட்டோல தெரிஞ்சுடுது!"