ஆவணி இதழ்

“எட்டு மாசமா உம்ம காலைப் பிடிக்காத குறையா கெஞ்சினோமே ஓய்! எங்கள்ட்ட வாயைத் திறக்கலை. அவன்ட்ட மட்டும் எழுதியே குடுத்திருக்கீரே!”

கரமனை வாசகசாலை அதிரும்படி கத்தினார் சுந்தரராமன். சர்க்காரின் ஹஜூர் கச்சேரியில் ஹெட் கிளார்க். அங்கே துரைகளிடம் காட்ட முடியாத கோபத்தையெல்லாம் சாயங்காலம் இங்கே வந்து கொட்டுவது அவர் வழக்கம். ஆனால் இன்றைக்கு வந்தது அசல் கோபம்.

சேஷன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் ப்ரூஃப் பார்க்கிற அச்சாபீசில்தான் வாசகசாலைக்கு வரும் மாதப் பத்திரிகை அச்சாகிறது. அதில் வரும் தொடர்கதையில், பூட்டிய பங்களாவுக்குள் ஜமீன்தார் செத்துக் கிடக்கிறார். கொன்றது யட்சியா, மனுஷனா? எட்டு மாதமாக வாசகசாலையில் இதே பேச்சு.

“யட்சிதான். சந்தேகமே இல்லை” என்பார் பிச்சுமணி.

“போம் ஓய்! யட்சிக்கு எதுக்கு சாவி? கூடப் பிறந்த தம்பி வேலை அது” என்பார் சுந்தரராமன்.

ஆவணி ஒன்றாம் தேதி கடைசி அத்தியாயம். அதற்கு இன்னும் இரண்டே நாள்.

சேஷனுக்கு முடிவு தெரியும். முன்கூட்டி வெளியே விட்டால் வேலை போய்விடும் என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பெண்டாட்டியிடம்கூட சேஷன் மூச்சு விட்டதில்லை. அந்த நாணயத்தை சுந்தரராமனே பத்துப் பேரிடம் மெச்சியிருக்கிறார். அதனால்தான் இப்போது அவருக்குத் தாங்கவில்லை.

“சொல்லும் பிச்சுமணி, பார்த்ததை இன்னொரு தடவை சொல்லும்!”

“போன வாரம் அச்சாபீஸ் வாசல்லே. யோசுவா கையிலே ஒட்டின கவரைக் குடுத்து, ‘கொன்னது யாருன்னு இதிலே இருக்கு’ன்னார். ரெண்டு காதாலேயும் கேட்டேன்.”

யோசுவா ஜெயில் வார்டர். மார்த்தாண்டத்துக்காரர். வாசகசாலையின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அதே கதையைப் படிக்கிறவர்.

“ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், நாப்பது வருஷ சிநேகம். நான் கேட்டா முடியாது. ஒரு வார்டர் கேட்டா முடியும்! பின்னே நாங்கள்லாம் யாரு ஓய் உமக்கு?”

சேஷன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பேசமாட்டீர். சரி, இது நாளைக்குக் காலம்பர உம்ம முதலாளி மேஜையிலே இருக்கும்.”

சுந்தரராமன் புகார்க் காகிதத்தை விரித்து அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார். பிச்சுமணியும் போட்டார். வேலை போனால் சேஷன் வீட்டில் அடுத்த மாதம் அடுப்பெரியாது. அது இரண்டு பேருக்குமே தெரியும். அப்படியும் மனசு இளகவில்லை.

அந்த நேரம் பார்த்து, காக்கி உடுப்போடு யோசுவா உள்ளே வந்தார்.

“வாரும்! நீராவது சொல்லும். ஜமீன்தாரைக் கொன்னது யார்?”

“எனக்குத் தெரியாது சாமி.”

“பொய்!”

யோசுவா மேஜை மேலிருந்த காகிதத்தைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது.

“சொல்லாதேயும்” என்று பதறினார் சேஷன். “உம்ம வேலை போயிடும்.”

“போனாப் போவட்டு. சாமி, அந்தக் கவர் எனக்கில்லே. நான் வாசிச்சு முடிச்ச பத்திரிகையை மாசாமாசம் உள்ளே ஒருத்தனுக்குக் குடுப்பேன். இந்தக் கதையிலே அவனுக்கு உசிரு. ‘கொன்னது ஆருன்னு தெரியாமப் போயிருமே வார்டரே’ன்னு ஒரே புலம்பல். எனக்கு மனசு கேக்கல்லே. இவருட்ட வந்து சொன்னேன்.”

“ஒரு கைதிக்கா!” சுந்தரராமனின் குரல் இன்னும் ஏறியது. “ஊரே காத்துண்டிருக்கு. ஒண்ணாம் தேதி வரைக்கும் அவனுக்குப் பொறுக்கலையாமா?”

“ஆவணி ஒண்ணுக்குத்தானே சாமி பத்திரிகை வரும். அவனுக்கு ஆடி இருபத்தெட்டு வெளுப்பாங்காலம், நாலு மணிக்குத் தூக்கு. முந்தாநாள் முடிஞ்சாச்சு.”

சுந்தரராமன் புகார்க் காகிதத்தைக் கையில் எடுத்தார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

காகிதத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

“படிச்சானா?”

“படிச்சான் சாமி. படிச்சுட்டு, நெனச்சதே வேறேன்னு ஒரே சிரிப்பு. எனக்கும் ஆசை அடங்கல்லே. ‘ஆருடே அது, காட்டு’ன்னு கையை நீட்டினேன். ‘நீங்க ஒண்ணாந்தேதி வாசிக்கணுமில்லியா வார்டரே’ன்னு சொல்லி, அந்தக் கடுதாசியை வாயிலே போட்டு மென்னு முழுங்கிட்டான்.”