தலையணை இறகுப் பூச்சி

முழங்கால் ஆழத் தண்ணீரில் தையல்காரர் காலையிலிருந்து நிற்கிறார். வெயில் ஆற்றின்மேல் துண்டு துண்டாக மிதக்கிறது. அவர் தூண்டில் கோலைப் பின்னால் ஓங்கி முன்னால் சொடுக்குகிறார். நீளமான நூல் வளைந்து பறந்து, ஒரு இறகுப் பூச்சியை நீர்மேல் பூப்போல இறக்குகிறது. தலையணையிலிருந்து உருவிய இறகு, கடையில் மிஞ்சிய சிவப்பு நூல். தூண்டில் முள்ளைச் சுற்றி அவரே கட்டிய போலிப் பூச்சி. களக்கென்று ஒரு மீன் எழும்பிக் கவ்வுகிறது. அவர் இழுக்கிறார். நூல் தொளதொளவென்று வெறுமனே திரும்பி வருகிறது. இது எட்டாவது தடவை. "எனக்குப் பூச்சி கட்ட வரலை. இன்னியோட மூட்டை கட்டிட வேண்டியதுதான்," என்கிறார், முகம் தொங்கிப்போய். கரையில் கால் நீட்டி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கும் மனைவி, "என் தலையணை பாதியானதுதான் மிச்சம். கொண்டாங்க இங்க," என்று கை நீட்டுகிறாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இறகை விலக்கிப் பார்க்கிறாள். "ஏங்க, முள்ளுக்கு முனையே இல்லையே! பின்னாடி ஓங்குறப்ப பாறையில பட்டு ஒடிஞ்சிருக்கு. இவ்வளவு நேரமும் மொட்டைக் கம்பியவா வீசிக்கிட்டிருந்தீங்க?" தையல்காரர் வாங்கி விரலால் தடவுகிறார். இன்னொரு முறை தடவுகிறார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்கிறது. "அப்போ எட்டு மீனும் இத நிஜப் பூச்சின்னு நம்பியிருக்கு!" ஆரஞ்சுச் சாறு வழியும் விரல்களால் அவள் தூண்டில் பெட்டியிலிருந்து முனையுள்ள வேறொரு பூச்சியை எடுத்து நீட்டுகிறாள். அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மொட்டைப் பூச்சியோடு மறுபடியும் ஆற்றில் இறங்குகிறார். "இரு, ஒம்பதாவதும் ஏமாறுதான்னு பாத்துட்டு வர்றேன்."