சுலோசனாவின் முட்டி வலி

"இந்த மணியிலேர்ந்துதானே ஆரம்பிக்கணும் எலிஸக்கா?"

புது ஜெபமாலையும் கையுமாகப் பக்கத்து வீட்டு சுலோசனா வந்து நின்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் அக்கா எலிஸபெத்தின் ஒரே பிள்ளை கியோம், ஈ.சி.ஆர். ரோட்டில் பைக் விபத்தில் போய் ஒரு மாசம்தான் ஆகிறது. பாரீஸிலிருந்து நான் ஓடி வந்தால், அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். அழுகை இல்லை, பேச்சு இல்லை, சரியாகச் சாப்பாடும் இல்லை. தினமும் பூசைக்குப் போனவள்! இப்போது கோயில் பக்கமே திரும்புவதில்லை.

"பிள்ளையைக் காப்பாத்தாதவர்கிட்ட எனக்கென்ன பேச்சு?" என்பதோடு சரி.

இந்த மகராசிக்கு அதெல்லாம் கண்ணில் படுகிறதா? போன வருஷம்தான் பக்கத்தில் குடிவந்தவள். "முட்டி வலி போகணும்னு மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன்க்கா. எங்க வீட்ல முருகன் படம்தான் இருக்கு, இதெல்லாம் எனக்கு எங்க தெரியும்? நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்" என்று தினம் சாயந்திரம் வந்து குந்திக்கொள்கிறாள்.

வேறு ஆளே கிடைக்கவில்லையா?

அதையாவது உருப்படியாகச் சொல்கிறாளா? ஜெபமாலையில் திரும்பத் திரும்ப வரும் மங்கள வார்த்தை ஜெபமே பாதியில் நிற்கும். அக்கா வேறு வழியில்லாமல் எடுத்துக் கொடுப்பாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. ஜெபமாலையில் ஏசு வாழ்க்கையின் சந்தோஷம், துக்கம் என்று கிழமைக்கு ஒரு தேவ ரகசியத்தை நினைத்துச் சொல்ல வேண்டும். "சந்தோஷ தேவ ரகசியம்" என்று சுலோசனா ஆரம்பித்தாள்.

"இல்ல சுலோ, இன்னைக்குத் துக்கம்."

"துக்கத்துல என்னக்கா வரும்?"

"ஏசுவை அடிப்பாங்க. முள்முடி வைப்பாங்க. சிலுவையைத் தூக்க வைப்பாங்க. அப்புறம்..." அக்கா ஜெபமாலையின் சிலுவையைத் தொட்டாள். "அதுலயே உசுர விடுவாரு. மாதா கீழ நின்னு பார்த்துட்டே இருப்பாங்க. அவங்களுக்கும் ஒரே பிள்ளைதான் சுலோ!"

அக்கா ஓவென்று கதறிவிட்டாள். ஒரு மாசமாக வராத அழுகை. சுலோசனா அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

அழுது ஓய்ந்ததும், அக்கா அந்த ஜெபமாலையை வாங்கிக் கடைசிவரை தானே சொன்னாள்.

"என் வயித்தெரிச்சல் மாதாவுக்குத் தெரியும் அமேலி" என்றாள் என்னிடம். அன்றைக்கு ரசம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலையில் பூசைக்கும் கிளம்பிவிட்டாள். எனக்கு அப்படியொரு நிம்மதி. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சுலோசனாவின் புருஷன் பலராமனைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் அண்ணே, இத்தனை நாள் சொல்லிக் குடுத்தும் அண்ணிக்கு ஒரு மங்கள வார்த்தை மனசுல நிக்கலியே!"

அவர் சிரித்தார்.

"அவளுக்கா? கடலூர்ல கன்னியாஸ்திரிங்க ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சவம்மா அவ. தூக்கத்துல எழுப்பினாலும் ஜெபமாலை முழுசும் தப்பில்லாம சொல்லுவா. உங்க அக்கா வீட்டுக்கு வந்தா மட்டும் எல்லாம் மறந்துபோவுது."