ஊதா ஓரம்

“சோத்துல சாப்பிடுற குச்சியை நட்டு வைக்காதேன்னா கேக்குறியா?” என்று கென்சாகு மனைவியிடம் எரிந்து விழுந்தார்.

மிட்சுயோ கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

சுவா ஏரிக்கரை ஆலையில் முப்பது வருஷம் கேமரா லென்ஸ் சோதித்தவர் அவர். காலையில் எடுத்த படத்தில் தன்னைச் சுற்றி ஓடிய ஊதா ஓரம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

“பழைய லென்ஸ்ல ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு இடத்துல விழும். அதான் பிசிறடிக்குது. புதுசை மாட்டு. அது எல்லா நிறத்தையும் ஒண்ணா சேர்த்து, இருக்கறதை மட்டும்தான் காட்டும்.”

“பழசே இருக்கட்டுமேங்க. எனக்கு அந்த ஊதா பிடிச்சிருக்கு.”

“லென்ஸ்காரன் பொண்டாட்டி பேசுற பேச்சா இது? மாட்டுடி!”

மாட்டினாள். கேமராவில் டைமர் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

படத்தில் ஊதா துளியும் இல்லை. மிட்சுயோ பளிச்சென்று இருந்தாள். அவள் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்த மெத்தை காலியாகக் கிடந்தது.

“என்னடி இது? நான் எங்க?”

மிட்சுயோ சோற்றில் சாய்ந்திருந்த குச்சிகளை நேராக நிமிர்த்தினாள்.

“செத்தவங்களுக்கு இப்படித்தானேங்க வைக்கணும்? இதுக்குத்தான் புதுசு வேண்டாம்னேன். பழைய லென்ஸ்ல அந்த ஊதாவாவாவது நீங்க மிஞ்சியிருந்தீங்க.”