இழுத்த மூச்சு

இடது கையில் கீபோர்டு, வலது கையில் ட்ரம்பெட். இரண்டையும் ஒரே நேரத்தில் வாசிப்பவர் அவர். ஒத்திகை, குறிப்பு எதுவும் கிடையாது. தினமும் காலை பத்து மணிக்கு அறைக்குள் போய், மனதில் வந்ததை வாசித்துப் பதிவு செய்வார். ஒரு நாள் வந்தது மறுநாள் தலைகாட்டக் கூடாது என்பது அவருடைய வீம்பு.

செவ்வாய்க்கிழமை வாசிக்கும்போது மேல் ஸ்வரம் ஒன்றில் ட்ரம்பெட் பிசிறடித்தது. முந்தின நாள் மனைவி துணி மடித்துக்கொண்டே முணுமுணுத்த மெட்டு இதுதான், இந்தப் பிசிறு உட்பட.

"நீங்க வாசிச்சதைத்தாங்க பாடினேன். எனக்கு என்ன, சொந்தமா மெட்டுப் போடவா தெரியும்?" என்றாள் அவள்.

திங்கட்கிழமை அவர் அதை வாசித்திருக்கவே இல்லை.

புதனும் வியாழனும் அப்படியே; முந்தின நாள் அவள் முணுமுணுத்ததே மறுநாள் காலை அவர் வாசிப்பில் வந்தது. வியாழன் மாலை அவள் பாடவில்லை. பொறுக்கமாட்டாமல் அவரே கேட்டார்.

"இன்னைக்கு ஒண்ணும் பாடலையா?"

அவள் மூச்சை ஆழமாக இழுத்தாள். அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

"மீதி?"

"மீதி ஏதுங்க? மூச்சை இழுத்தீங்க. அப்புறம் டக், டக்னு ரெண்டு சத்தம். அதோட சரி."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவர் ட்ரம்பெட்டை உதட்டில் வைத்து மூச்சை இழுத்தார். வம்பே வேண்டாம் என்று ட்ரம்பெட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

பெட்டியின் கொக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. டக். டக்.

இழுத்த மூச்சை அவர் இன்னும் விட்டிருக்கவில்லை.